‘நாங்க என்ன ஏவுகணையா செய்யறோம்?’

ஆயுதத்துக்கும் உதவக்கூடியவை என்பதால் அனுமதி பெற்றே ஏற்றுமதி செய்ய வேண்டிய பொருட்களுக்கு அரசு வைத்திருக்கும் பட்டியல்தான் ஸ்கோமெட். கோவையிலும் ஓசூரிலும் பட்டறைக்காரர்களிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் கேள்வி இது. சட்டம் அந்தக் கேள்விக்குள் போவதே இல்லை. ஏவுகணைக்குப் பயன்படக்கூடிய பொருளா, இயந்திரமா, நுட்பமா என்று மட்டும் பார்க்கிறது.

ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டுக் குழுவில் 2016 ஜூனில் இந்தியா சேர்ந்தது. அதன் கட்டுப்பாடுகள் ஸ்கோமெட்டிலும் இருக்கின்றன. 500 கிலோ சுமையை 300 கிலோமீட்டருக்குக் கொண்டுபோகும் முழு ராக்கெட்டுகள் அந்தக் குழுவின் முதல் வகை. நம் பட்டறைகள் சிக்குவது இரண்டாம் வகையில்: ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.72 கிராமுக்குக் குறையாத அடர்த்தியும் 100 மைக்ரானைத் தாண்டாத துகளும் கொண்ட கிராஃபைட், 5 மி.மீ. தடிமனுக்கு மிகாத மாரேஜிங் எனும் அதிவலு எஃகுத் தகடு, குழாய், கார்பன் இழை சுற்றும் இயந்திரம் என்று அந்த வரிசை நீளும்.

பெரும்பாலான தவறுகள் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில்தான் தொடங்குகின்றன. குறியீடு ‘ஃப்ரீ’ என்று காட்டுகிறது, லைசென்ஸ் வேண்டாம் என்று ஷிப்பிங் ஏஜென்ட் சொல்லிவிடுவார். சாதா கிராஃபைட்டும் கட்டுப்பாட்டுக்குள் வரும் கிராஃபைட்டும் ஒரே குறியீட்டில் போகலாம். பிரித்துக் காட்டுவது பொருளைத் தயாரித்த ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் உள்ள எண்கள்தான். அவற்றைப் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டு, முடிவை ஒரு பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கோப்பில் வையுங்கள். பின்னால் விசாரணை வந்தால் அதிகாரி முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

கப்பல் ஏறினால்தான் ஏற்றுமதி என்றும் நினைக்க வேண்டாம். கட்டுப்பாட்டுக்குள் வரும் பாகத்தின் ட்ராயிங்கை வெளிநாட்டுக்கு மெயிலில் அனுப்புவதும், அங்கிருப்பவர் சர்வரில் திறந்து பார்க்க வழி செய்வதும் தொழில்நுட்பக் கைமாற்றமே. துறைமுகத்தில் எல்லோரும் உஷாராக இருக்கிறார்கள். டிசைன் பிரிவில் யாரும் யோசிப்பதில்லை.

அனுமதி கேட்டு டி.ஜி.எஃப்.டி.யிடம் (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) விண்ணப்பித்தால் பல துறைகள் சேர்ந்த குழு அதைப் பார்க்கும். திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் குறை இறுதிப் பயன்பாட்டுச் சான்றில் இருக்கும்: எண்ணிக்கை பர்ச்சேஸ் ஆர்டரில் 40, சான்றில் 50 என்றிருக்கும், அல்லது பொருளைப் பயன்படுத்தப்போகிறவர் இருக்க, இடையில் வாங்கி விற்பவர் கையெழுத்திட்டிருப்பார். பயன்பாடு என்ற இடத்தில் ‘ஜெனரல் இண்டஸ்ட்ரியல்’ என்று எழுதுவது வீண் வேலை. எந்த ஆலை, எந்த இயந்திரம், என்ன வேலை என்று சொல்ல வேண்டும்.

தண்டனைக்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதங்கள் சட்டப்படி, அனுமதியில்லாத ஏற்றுமதிக்கு முதல் முறை 3 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுமுறை மாட்டினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. பேரழிவு ஆயுதத்தைச் சுமக்கும் ஏவுகணையைச் சட்டவிரோதமாகக் கைமாற்றினாலோ, பயங்கரவாதிக்கு உதவும் நோக்கம் இருந்தாலோ 5 ஆண்டு முதல் ஆயுள் வரை. நிறுவனம் குற்றம் செய்தால் பொறுப்பில் இருந்த இயக்குநரும் கூண்டில் நிற்பார். 2022 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டம் தடுக்கும் செயலுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், சொத்தும் முடக்கப்படும். இதுபோக, வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தில் ஐ.இ.சி. எனும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் ரத்தாகலாம். 20 லட்சம் அபராதத்தைக் கட்டி எழுந்துவிடும் நிறுவனம்கூட ஐ.இ.சி. இல்லாமல் ஒரு பெட்டியும் அனுப்ப முடியாது. உண்மையான அடி இதுதான். சரக்கைச் சுங்கத்துறை தன் சட்டப்படி தனியே பறிமுதல் செய்யும்.

நம் நாட்டுச் சரக்காக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2020இல் சீனாவிலிருந்து கராச்சிக்குப் போன கப்பலை குஜராத்தின் காண்ட்லாவில் நிறுத்தி, தொழிற்சாலை உலர்த்தி என்று அறிவித்திருந்த, ஏவுகணைத் தயாரிப்புக்கும் பயன்படக்கூடிய ஆட்டோகிளேவைப் (உயர் அழுத்த வெப்பக் கலன்) பறிமுதல் செய்தார்கள். அமெரிக்காவில் செய்த பாகம் உங்கள் பொருளுக்குள் இருந்தால் அந்நாட்டுச் சட்டமும் குறுக்கே வரலாம். அங்கே தெரிந்தே செய்த மீறலுக்கு 20 ஆண்டு வரை சிறை.

ஏற்கெனவே அனுப்பிவிட்டு இப்போதுதான் பட்டியலைப் பார்க்கிறீர்களா? அடுத்த கன்சைன்மென்ட்டை நிறுத்துங்கள். மெயில்களை அழிக்காதீர்கள், பழைய இன்வாய்ஸைத் திருத்தாதீர்கள். வழக்கறிஞரோடு உட்கார்ந்து, எது, எவ்வளவு, யாருக்கு, எந்த நாளில் போனது என்று அட்டவணை போட்டு, டி.ஜி.எஃப்.டி.யிடம் நீங்களே தெரிவியுங்கள். தானாக முன்வந்து சொல்வதற்கென்று அங்கே நடைமுறை இருக்கிறது.