மைலேஜ், ரேஞ்ச்: பைக் மீட்டரில் வரும் எண்களும் அவற்றுக்கான தமிழும்

மேட்டுப்பாளையத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு பர்லியார் வழியாக மலை ஏறுகிறவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. கிளம்பும்போது ரேஞ்ச், அதாவது மீதிப் பெட்ரோலில் இன்னும் ஓடக்கூடிய தூரம், 400 என்று காட்டிய மீட்டர், சுமார் 34 கிலோமீட்டர் ஏறிக் குன்னூரைத் தொடுவதற்குள் 300க்கும் கீழே வந்து நிற்கும். ஓடியது 34, குறைந்ததோ நூறுக்கு மேல். டேங்க் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள், சென்சார் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் போவார்கள். பெரும்பாலும் வண்டியில் ஒரு குறையும் இருக்காது. மீட்டர் காட்டுவது மூன்று வெவ்வேறு கணக்குகள்: சராசரி, அப்போதைய கணக்கு, ரேஞ்ச். நாம் மூன்றுக்கும் ‘மைலேஜ்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம். சமவெளியில் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. நீலகிரிச் சாலையில் அந்த மூன்றும் மூன்று பக்கம் இழுக்கும்.

மைலேஜில் உள்ள மைல், ஆயிரம் என்று பொருள்படும் ‘மில்லே’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர் கணக்கில் ஆயிரம் இரட்டை எட்டு ஒரு மைல். ஆங்கிலத்தில் மைலேஜ் என்ற சொல் 18ஆம் நூற்றாண்டில் புழங்கத் தொடங்கியபோது அதற்கும் எரிபொருளுக்கும் சம்பந்தமே இல்லை. மைலுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தரும் பயணப்படிக்குத்தான் அந்தப் பெயர். பிறகு ஓடிய மொத்த மைல்களைக் குறித்தது. மோட்டார் வண்டிகள் வந்தபின் ஒரு காலன் பெட்ரோலில் ஓடும் மைல் என்றானது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு மைல் கிலோமீட்டராகவும் காலன் லிட்டராகவும் மாறின. பெயர் மட்டும் பழையபடியே தங்கிவிட்டது.

இதற்குத் தமிழில் ‘எரிபொருள் சிக்கனம்’ என்றும் ‘எரிபொருள் திறன்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. சிக்கனம் என்பது ஆளின் குணம். திறன் என்ற சொல்லைப் பள்ளி இயற்பியலில் வாட் கணக்குக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், அதனால் எரிபொருள் திறன் என்று படிக்கும் மாணவருக்குக் குதிரைத்திறன்தான் நினைவுக்கு வரும். பெட்ரோல் பங்கிலும் பட்டறையிலும் யாரும் இப்படிப் பேசுவதில்லை. “லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?” என்றுதான் கேட்கிறார்கள். “நாப்பத்தஞ்சு குடுக்குது” என்று பதில் வரும். அந்தப் பேச்சை ஒட்டி ‘லிட்டர் ஓட்டம்’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை.

அதே ஆட்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: “ஏத்தத்துல ரொம்பப் பெட்ரோல் குடிக்குதுண்ணா.” குடுப்பதும் குடிப்பதும் ஒரே கணக்கின் இரண்டு தலைகள். முதலாவது, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. இரண்டாவது, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்பது. ஐரோப்பாவில் பல நாடுகளில் இரண்டாவதுதான் வழக்கம், பல பைக் மீட்டர்களில் மெனுவுக்குள் போய் எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவதை ‘எரிபொருள் நுகர்வு’ என்று எழுதுகிறோம். நுகர்தல் என்றால் அனுபவித்தல், மோத்தல். நுகர்வோருக்குப் பொருந்தும் சொல், இன்ஜினுக்கு ஒட்டவில்லை. ‘எரிபொருள் செலவு’ என்பது எளிது, சரியும்கூட. செலவு என்ற சொல் ‘செல்’ என்ற வேரில் பிறந்தது. பழந்தமிழில் அதற்குப் பயணம் என்றே பொருள். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் போகாமல் நின்றுவிடுவதை அகப்பாடல்களில் ‘செலவழுங்குதல்’ என்பார்கள். பிறகுதான் கையிலிருந்து போகும் பணத்துக்கு அது பெயரானது. பயணத்தையும் தீர்வதையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும்போது வேறு சொல் தேட வேண்டியதில்லை.

எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பது மலையில் ஏன் முக்கியம்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் சாலை வழியாகச் சுமார் 52 கிலோமீட்டர். ஒரு வண்டி ஏறும்போது லிட்டருக்கு 30, இறங்கும்போது 75 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போய்வந்த சராசரி எவ்வளவு? இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 52 அல்லது 53 என்று சொல்லத் தோன்றும். அது தப்பு. ஏற 1.73 லிட்டர், இறங்க 0.69 லிட்டர், ஆக 104 கிலோமீட்டருக்கு 2.42 லிட்டர் போயிருக்கிறது. லிட்டருக்கு 43கூட நிறைவாக வரவில்லை. இதையே செலவுக் கணக்கில் பாருங்கள். ஏறும்போது நூறுக்கு 3.3 லிட்டர், இறங்கும்போது 1.3. போன தூரமும் வந்த தூரமும் ஒன்றாக இருப்பதால் கூட்டிப் பாதியாக்கினால் 2.3 என்று நேராகச் சரியான விடை வந்துவிடும். மலையில் தினமும் ஓட்டுகிறவர்கள் மீட்டரைச் செலவுக் கணக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஏற்றம் மட்டும் எவ்வளவு தின்கிறது என்றும் கணக்குப் போடலாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். 150 கிலோ வண்டியும் 70 கிலோ ஆளும் 1,900 மீட்டருக்கு மேல் உயர வேண்டும். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் இன்ஜின் சக்கரத்துக்குத் தருகிறது. அப்படிப் பார்த்தால் உயரத்துக்கு மட்டும் அரை லிட்டர். சாலையில் ஓடுவதற்கான பெட்ரோல் அது போகத் தனி. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் இன்னும் கூடும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பழைய கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் வேறொரு நஷ்டமும் உண்டு: ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு, அதைக் கார்புரேட்டர் அறியாது, காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டி சென்சார் வைத்துச் சரிசெய்துகொள்ளும்.

மீட்டரில் சராசரிக்குப் பக்கத்தில் துள்ளிக்கொண்டே இருக்கும் எண் ‘அப்போதைய’ கணக்கு. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுக் கியரிலேயே வந்தால் சில மீட்டர்களில் அது 99.9 என்று உச்சத்துக்குப் போய் நிற்கும். எஃப்.ஐ. வண்டிகளில் அந்த நேரம் இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடுகிறது, சரிவுதான் சக்கரத்தையும் இன்ஜினையும் சுற்றுகிறது. பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்கும் தம்பிகளிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும், மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி மலைப்பாதையில் வைத்திருக்கும் பலகை உயிருக்காக வைத்தது. எஃப்.ஐ. வண்டியில் அது பெட்ரோலையும் மிச்சப்படுத்துகிறது.

அப்புறம் ரேஞ்ச். பழைய பிரெஞ்சில் வரிசையைக் குறித்த சொல் இது, ரேங்க் என்பதும் இதே குடும்பம்தான். குண்டு போய் விழும் தொலைவுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் என்பதால் தமிழில் ‘வீச்சு’ என்று ஆக்கினார்கள். பீரங்கிக்குச் சரி, பைக்குக்கு ஆகாது. ‘செல்தொலைவு’ என்பது அழகாக இருந்தாலும் வினைத்தொகை. சென்ற தொலைவு, செல்லும் தொலைவு இரண்டும் அதில் அடங்கும், ஓடோமீட்டர் எண்ணையும் அப்படியே சொல்லிவிடலாம். “இன்னும் எவ்வளவு ஓடும்?” என்று கேட்பதை வைத்து ‘மீதி ஓட்டம்’ என்றால் குழப்பம் இல்லை.

இந்த மீதி ஓட்டம் ஒரு பெருக்கல் விடை. டேங்கில் மீதி இருக்கும் பெட்ரோலைச் சமீபத்திய சராசரியால் பெருக்கிக் காட்டுகிறார்கள். முன்னால் இருப்பது ஏற்றமா இறக்கமா என்று மீட்டருக்குத் தெரியாது. அதனால்தான் குன்னூரில் எண் அப்படிச் சரிகிறது. ஊட்டியிலிருந்து இறங்கினால் மேட்டுப்பாளையத்தில் கிளம்பிய எண்ணைவிட அதிகமாகக்கூடக் காட்டும். டேங்கில் கொஞ்சமே மிச்சம் இருக்கும்போது, இப்படி இறக்கத்தில் கூடிய எண்ணை நம்பி அப்படியே வண்டியைத் திருப்பிக் கோத்தகிரிக்கு ஏறுகிறவர்தான் பாதி வழியில் தள்ள நேரிடும். டேங்குக்குள் பெட்ரோலை அளப்பதும் ஒரு மிதவைதான். செங்குத்தான வளைவிலும், சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போதும் அளவு கொஞ்சம் முன்பின் ஆகும்.

முன்பு ‘ரிசர்வ் விழுந்துடுச்சு’ என்றால் குனிந்து டேங்குக்கு அடியில் உள்ள டேப்பைத் திருப்புவோம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்தபின் புது பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டரோடு அந்த டேப்பும் போய்விட்டது, இப்போது மீட்டரில் பெட்ரோல் அளவைக் காட்டும் கடைசிக் கட்டை மின்னுகிறது. அந்தக் கட்டத்தில் சில வண்டிகள் மீதி ஓட்டத்தை நிறுத்திக் கோடு போட்டுவிடும். வேறு சில, மின்னத் தொடங்கியதிலிருந்து ஓடிய தூரத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ஏறிக்கொண்டே போகும் அந்த எண் ஓடி முடித்தது, மீதி அல்ல. உங்கள் வண்டியின் கையேட்டில் ரிசர்வ் எத்தனை லிட்டர் என்று பார்த்து, ஏற்றத்தில் கிடைக்கும் லிட்டர் ஓட்டத்தால் பெருக்கி, அதிலிருந்து இந்த எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.