எண் நகர்கிறது, குழாய் நகர்கிறதா? ஆட்டோஃபோகஸ் தவறும்போது பார்க்க வேண்டியவை

தொலைநோக்கிகளுக்கு ஃபோகஸ் மோட்டார் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் தொலைநோக்கியைக் கேமரா, மோட்டார் எதையும் கழற்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். மென்பொருளே மோட்டாரை ஓட்டிக் குவியம் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் சரியாக வராமல், மூன்று வாரமாக ஒரு படம்கூடத் தேறவில்லை. மென்பொருளை இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருந்தார். டிரைவரை மாற்றியிருந்தார், வேறு லேப்டாப்பிலும் முயன்றிருந்தார். நிலவில்லாத தெளிந்த இரவுகள் ஆறேழு அப்படியே வீணாகப் போயிருந்தன.

மோட்டாரை 1000 ஸ்டெப் (ஸ்டெப் என்பது மோட்டார் எடுத்துவைக்கும் ஒரு சிறு அடி) வெளியே தள்ளச் சொன்னேன். திரையில் 12000 என்றிருந்த எண் 13000 ஆனது. மோட்டார் ஓடும் சத்தமும் கேட்டது. ஆனால் கேமராவைத் தாங்கும் குழாய் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. மோட்டாரின் தண்டையும், அந்தக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்தும் ஃபோகஸரின் தண்டையும் இணைக்கும் கப்ளரில் ஒரு சின்னத் திருகு தளர்ந்திருந்தது. ஆலன் கீயால் இறுக்கினோம், அவ்வளவுதான்.

இதை எழுதக் காரணம் அந்தத் திருகு இல்லை, அந்த ஆறேழு இரவுகள். ஆட்டோஃபோகஸ் சரியாக வராதபோது கிட்டத்தட்ட எல்லோருமே முதலில் செட்டிங்ஸைத்தான் திறக்கிறார்கள். என்னிடம் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருக்கின்றன.

ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் ஃபோகஸர் எண், குழாய் இருக்கும் இடம் இல்லை. மென்பொருள் இதுவரை மோட்டாருக்குக் கொடுத்த கட்டளைகளின் கணக்கு அது. நாம் பயன்படுத்தும் ஃபோகஸர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். '100 அடி நட' என்றால் நடந்ததாகக் கணக்கு எழுதிவிடும். நடுவில் கால் வழுக்கியதா, கியர் சும்மா சுழன்றதா, கேமராவின் எடை பின்னால் இழுத்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நட்சத்திரம் எவ்வளவு பரந்திருக்கிறது என்று படத்திலிருந்து அளப்பது ஒன்றுதான் மென்பொருளுக்கு உள்ள ஒரே கண்.

அந்த அளவைத்தான் எச்.எஃப்.ஆர். என்கிறோம். ஒரு நட்சத்திரத்தின் மொத்த ஒளியில் பாதி எத்தனை பிக்சல் ஆரத்துக்குள் அடங்குகிறது என்பதே அது. ஃபோகஸ் நெருங்க நெருங்க எண் குறையும், தாண்டிப் போனால் மறுபடி ஏறும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் எடுத்து, புள்ளி வைத்து இணைத்தால் வி வடிவத்தில் ஒரு வளைவு கிடைக்கும். நினா, எகோஸ் போன்ற மென்பொருள்கள் அந்தப் புள்ளிகளின் மேல் ஒரு ஹைப்பர்போலாவையோ பரவளையத்தையோ பொருத்தி, அடிமட்டம் எங்கே என்று கணக்கிடுகின்றன.

அந்த அடிமட்டம் எவ்வளவு குறுகியது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். குவியம் கூர்மையாக இருக்கும் இடைவெளியை, ஒளியின் அலைநீளத்தையும் எஃப் விகிதத்தின் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது) வர்க்கத்தையும் 4.88 ஆல் பெருக்கித் தோராயமாகக் கணக்கிடுவார்கள். பச்சை ஒளிக்கு, எஃப் 5 தொலைநோக்கியில் அது ஏறக்குறைய 61 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. எஃப் 4 என்றால் 39 மைக்ரான்தான். எஃப் 10 என்றால் 244 மைக்ரான் வரை தாராளம் உண்டு. அதனால்தான் வேகமான, அதாவது எஃப் எண் சிறிய, தொலைநோக்கி வாங்கியவர்கள் ஃபோகஸோடு அதிகம் போராடுகிறார்கள்.

சரி, ஆட்டோஃபோகஸ் தோற்றுவிட்டது. செட்டிங்ஸைத் தொடாதீர்கள். வளைவைப் பாருங்கள். கோளாறு எங்கே என்று பாதிக்கு மேல் அதுவே சொல்லிவிடும்.

அளவீடு தொடங்கும் பக்கத்தில் முதல் இரண்டு மூன்று புள்ளிகள் ஒரே உயரத்தில் தட்டையாக நின்று, அப்புறம் வளைவு இறங்குகிறதா? அது பேக்லாஷ். கியரின் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. திசை மாறும்போது மோட்டார் முதலில் அந்த இடைவெளியைக் கடக்க வேண்டும், அதுவரை குழாய் அசையாது. நினா முதலில் வெளியே போய்விட்டு, அங்கிருந்து உள்ளே வந்தபடி அளக்கும். எனவே தட்டையான பகுதி வலது முனையில் தெரியும்.

இதைவிட ஏமாற்றுகிற அறிகுறி ஒன்று உண்டு. வளைவு அழகாக வந்திருக்கும், பொருத்தமும் நன்றாக இருக்கும், கடைசியில் எடுத்த படம் மட்டும் மங்கல். இதுவும் பெரும்பாலும் பேக்லாஷ்தான். ஒரு திசையில் அளந்துவிட்டு, எதிர்த்திசையில் திரும்பி அடிமட்டத்துக்கு வரும்போது அந்த இடைவெளி அளவுக்குக் குறைவாக நகர்ந்து நின்றுவிடுகிறது.

பேக்லாஷைப் பகலிலேயே அளந்துவிடலாம். இரவைச் செலவழிக்க வேண்டாம். குழாயின் மேல் ஒரு டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) நிறுத்துங்கள். 500 ஸ்டெப் ஒரு திசையில் ஓட்டிவிட்டு, எதிர்த்திசையில் பத்துப் பத்து ஸ்டெப்பாக நகர்த்துங்கள். முள் அசையத் தொடங்கும் வரை எத்தனை ஸ்டெப் போனதோ அதுதான் உங்கள் பேக்லாஷ். ஐந்து முறை செய்து பாருங்கள். எண் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் மென்பொருளில் ஈடுகட்டலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் அது பேக்லாஷே இல்லை, எங்கோ வழுக்குகிறது. அதை எந்த செட்டிங்காலும் சரிசெய்ய முடியாது.

ஈடுகட்ட நான் எப்போதும் பரிந்துரைப்பது ஓவர்ஷூட் முறை. வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, எப்போதும் ஒரே திசையிலிருந்து திரும்பி வந்து நிற்பது. இதில் மதிப்பு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. 80 ஸ்டெப் பேக்லாஷுக்கு 200 என்று கொடுத்தாலும் கெடுதல் இல்லை, சில நொடிகள் கூடுதலாக ஆகும். ஆனால் உள்ளே, வெளியே என்ற இரண்டில் ஒரு பக்கத்துக்கு மட்டும் மதிப்புக் கொடுங்கள், மற்றதைப் பூஜ்யமாக வையுங்கள். கடைசி நகர்வு கேமராவை மேலே தூக்குகிற திசையில் இருந்தால் நல்லது. அப்போது எடை கியரின் ஒரே பக்கத்தில் அழுந்தி நிற்கும்.

வழுக்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். க்ரேஃபோர்டு வகை ஃபோகஸரில் குழாயை நகர்த்தப் பற்கள் கிடையாது, உருளையின் உராய்வுதான் நகர்த்துகிறது. பற்களின் இடைவெளி இல்லை என்பது அதன் நன்மை. அதோடு பூட்டிய மோட்டாரின் கியர்பாக்ஸில் இடைவெளி இருக்கும் என்பது வேறு விஷயம். ஆனால் கனமான கேமராவும் ஃபில்டர்களை மாற்றும் ஃபில்டர் வீலும் தொங்கும்போது, தொலைநோக்கி உச்சி வானத்தைப் பார்த்து நின்றால், உருளை வழுக்கிவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அடிமட்டம் ஒரே திசையில் தள்ளித் தள்ளிப் போனால், அதே நேரம் வெப்பநிலை மாறாமல் இருந்தால், இதைச் சந்தேகியுங்கள். அழுத்தத் திருகைச் சற்று இறுக்கிப் பாருங்கள். பூட்டுத் திருகை மட்டும் தளர்த்தியே வையுங்கள். அதை இறுக்கி வைத்துவிட்டு மோட்டாரை ஓட்டிக் கியரைத் தேய்த்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

மின்சாரமும் இதே மாதிரி வேலை காட்டும். நீளமான மெல்லிய வயரில் 12 வோல்ட் வந்து சேர்வதற்குள் குறைந்துவிடும். கேமராவின் குளிரூட்டியும் பனி நீக்கும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஸ்டெப்பர் சில ஸ்டெப்களைத் தவறவிடும். கணக்கு மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்.

வளைவே உருவாகாமல் புள்ளிகள் மேலும் கீழும் சிதறிக் கிடந்தால் அது வேறு கதை. எக்ஸ்போஷர் குறைவாக இருக்கலாம். 1 நொடிப் படத்தில் காற்றின் சலனம் அப்படியே பதியும். 4, 5 நொடி கொடுத்தால் அது சராசரியாகிவிடும், நட்சத்திரங்களும் கூடுதலாகக் கிடைக்கும். ஹைட்ரஜன் ஆல்ஃபா போன்ற குறுகிய பட்டை ஃபில்டரில் 10 நொடிக்கு மேல்கூடத் தேவைப்படும். ஸ்டெப் அளவு மிகச் சிறியதாக இருந்தாலும் சிதறும், ஏனென்றால் எல்லாப் புள்ளிகளும் அடிமட்டத்திலேயே கிடக்கின்றன. நான் செய்வது இது: கையால் நல்ல ஃபோகஸ் பிடித்து எச்.எஃப்.ஆர். குறித்துக்கொள்வேன். அது ஏறக்குறைய மூன்று மடங்காகும் வரை வெளியே நகர்த்துவேன். போன தூரத்தை நான்கால் வகுத்தால் வருவதுதான் ஸ்டெப் அளவு, பக்கத்துக்கு நான்கு புள்ளி.

வளைவின் ஓரங்கள் ஏறுவதற்குப் பதில் திடீரென்று கீழே விழுந்தால், ஃபோகஸ் மிக விலகிய இடத்தில் அளக்கிறீர்கள். நடுவில் துணைக் கண்ணாடி உள்ள தொலைநோக்கிகளில் அங்கே நட்சத்திரம் வளையமாகத் தெரியும். மென்பொருள் வளையத்தைத் துண்டு துண்டாக எண்ணும், அல்லது அதை விட்டுவிட்டு, ஒளி படாமலே ஒளிரும் ஹாட் பிக்சல்களை நட்சத்திரம் என்று நினைத்துக்கொள்ளும். ஹாட் பிக்சலின் எச்.எஃப்.ஆர். எப்போதும் சிறியதுதான். ஆட்டோஃபோகஸ் என்பது தொலைந்த ஃபோகஸைத் தேடும் கருவி அன்று, கிட்டத்தில் இருப்பதைத் துல்லியமாக்கும் கருவி. முதல் நாள் பாட்டினோவ் மாஸ்க் வைத்துக் கையாலேயே பிடியுங்கள். தொலைநோக்கியின் முன்னால் மாட்டும் கீற்றுகள் வெட்டிய தட்டு அது, நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கோடுகளைக் காட்டும். 2005-இல் ரஷ்ய வானியல் ஆர்வலர் பாவெல் பாட்டினோவ் உருவாக்கிய அந்த எளிய தட்டு இன்றும் எனக்குக் கடைசி நீதிபதி. மென்பொருளின் முடிவில் சந்தேகம் வந்தால் மாஸ்க்கை மாட்டி, நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் நட்டநடுவில் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

எல்லாம் சரியாக இருந்தும் நள்ளிரவுக்குள் படம் மங்குகிறது என்பவர்களுக்கு வெப்பநிலைதான் பதில். தொலைநோக்கியின் உடலான 1 மீட்டர் அலுமினியக் குழாய், குளிரும்போது 1 டிகிரி செல்சியஸுக்கு 23 மைக்ரான் சுருங்கும். எஃப் 5-இல் நமக்கு இருபுறமும் இருப்பது தலா 30 மைக்ரான்தான். ஒன்றரை டிகிரி இறங்கினால் ஃபோகஸ் போய்விடும். இரண்டு கண்ணாடிகள் கொண்ட ஷ்மிட் கேசக்ரெய்ன் வகையில் இன்னும் மோசம். துணைக் கண்ணாடி 5 மடங்கு பெரிதாக்குகிறது என்றால், கண்ணாடிகளுக்கு இடையிலான தூரம் 1 மைக்ரான் மாறினால் குவியம் ஏறக்குறைய 25 மைக்ரான் நகரும். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிக்கே இந்தப் பாடு உண்டு. அதன் சட்டத்தில் உள்ள கிராஃபைட் எபாக்ஸி, ஈரப்பதம் வெளியேற வெளியேறச் சுருங்கியது. பல ஆண்டுகளில் துணைக் கண்ணாடியை அவ்வப்போது நகர்த்திச் சரிசெய்தார்கள். எனவே 1 டிகிரி மாறினால், ஃபில்டர் மாறினால், நட்சத்திரம் உச்சியைக் கடந்த பின் தொலைநோக்கி தாங்கியின் மறுபக்கம் புரண்டால் மறுபடி ஆட்டோஃபோகஸ் ஓடட்டும். அடிமட்டத்தின் எச்.எஃப்.ஆரே ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறிக்கொண்டு போனால் மட்டும் லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள், பனி படிந்திருக்கும்.

உதவி கேட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதுகிறார்கள். அடுத்தடுத்து எடுத்த மூன்று வளைவுகளின் படம், ஒவ்வொன்றிலும் அடிமட்ட எண், எச்.எஃப்.ஆர்., எத்தனை நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது, அப்போதைய வெப்பநிலை, தொலைநோக்கி எந்தத் திசையில் நின்றது, இவ்வளவையும் சேர்த்து அனுப்புங்கள். கூடவே, 1000 ஸ்டெப் நகர்த்தியபோது குழாய் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.