மயக்கி: ‘ரூஃபி’க்கு ஒரு தமிழ்ச் சொல்

2024 ஜூலை 1 முதல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் மது விடுதிகளும் இரவு விடுதிகளும் ஓர் அறிவிப்பை மாட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். “ரூஃபிக்கு ஆளாகிவிடாதீர்கள், பானத்தில் மருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பொருள் இங்கே கிடைக்கும்” என்பது அதன் சாரம். சட்டமே எழுதச் சொன்ன வாசகத்தில் தெருவில் பிறந்த ஒரு சொல்!

ரூஃபி என்பது ரொஹிப்னால் என்ற தூக்க மாத்திரைப் பெயரின் திரிபு. சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் 1970களில் இதை ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருக்கும் மருந்து ஃப்ளூனிட்ரசெபாம். பெயருக்குள் ஒளிந்திருக்கும் ‘ஹிப்னோஸ்’ கிரேக்கத்தில் தூக்கம். அமெரிக்காவில் இந்த மாத்திரைக்கு ஒருபோதும் அனுமதி கிடைக்கவில்லை, ஆனாலும் செல்லப் பெயர் அங்கேதான் ஊன்றியது. பாலியல் குற்றங்களில் பெயர் அடிபட்ட பிறகு, வெளிர்நிறப் பானத்தில் கரைந்தால் நீலம் படரும்படி ரோஷ் மாத்திரையை மாற்றியது. இன்று கெட்டமின், ஜிஎச்பி என நினைவைத் தப்ப வைக்கும் வேறெந்த மருந்து கலந்தாலும் பேச்சு வழக்கில் ரூஃபிதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘போதை மருந்து கலந்த பானம்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். போதை என்றதும் ஒருவர் தானாகத் தேடிப் போனது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இங்கே நடப்பது அதுவல்ல. குடித்தவருக்குத் தெரியாமல் இன்னொருவர் செய்த குற்றம் இது. ‘குளிர்பானத்தில் மயக்க மருந்து கலந்து கொடுத்து’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவது எவ்வளவோ மேல். ஆனால் மயக்க மருந்து என்றால் அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர் கொடுப்பதும் அதுதானே.

அதனால் ‘மயக்கி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மயங்கு என்றால் தானே மயங்குவது, மயக்கு என்றால் பிறரை மயங்க வைப்பது. அந்த ஒற்றை ‘க்’கில் குற்றவாளி வெளியே தெரிகிறார். இன்னொரு பொருத்தமும் உண்டு. மயக்கம் என்பதற்குப் பழந்தமிழில் கலப்பு என்றும் பொருள். ‘கலந்த மயக்கம் உலகம்’ என்று ஐம்பூதங்களின் சேர்க்கையைச் சொல்கிறது தொல்காப்பியம். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்துச் சேர்ந்து வருவதை மெய்ம்மயக்கம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். கலப்பதும் நினைவு தப்புவதும் ஒரே வேரில் நிற்கும் இந்தச் சொல்லை எடுக்காமல் வேறெதை எடுப்பது?

அப்புறம், பானத்தில் மயக்கி இருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவியின் பெயர். சென்சார் என்று தமிழில் எழுதினால் திரைப்படத் தணிக்கையும் அதே எழுத்தில்தான் வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு சொற்கள். உணர்வதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த முதலாவதற்கு ‘உணரி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, மாற்றத் தேவையில்லை. கையில் எடுத்துப் போகக்கூடியது என்பதால் கையடக்க மயக்கி உணரி. மின்முனையில் ஒரு துளி விட்டால் மின்னோட்ட மாற்றத்தை அளந்து சொல்லும் கருவிகளுக்கு இந்தப் பெயர் பொருந்தும். துளி பட்டதும் நிறம் மாறும் தாளை உணரி என்று சொல்லாமல் ‘நிறங்காட்டித் தாள்’ என்பதே நல்லது, லிட்மஸ் தாளோடு பழகிய சொல். இப்படிப்பட்ட தாள்களில் பல கெட்டமினையும் ஜிஎச்பியையும் மட்டுமே காட்டும். ரூஃபி என்ற பெயருக்குக் காரணமான ஃப்ளூனிட்ரசெபாம் அவற்றின் கண்ணில் படாது.

அதைப் பிடிக்க வேறு வகைப் பட்டை உண்டு. பார்க்கக் கருத்தரிப்புச் சோதனைப் பட்டை மாதிரியே இருக்கும், ஆனால் படிக்கும் முறை தலைகீழ். பட்டையில் பூசிய மருந்தும் பானத்தில் உள்ள மருந்தும் ஒரே எதிர்ப்பொருளுக்கு (ஆன்டிபாடி) போட்டியிடுவதால், மயக்கி இருந்தால் சோதனைக் கோடு தோன்றாது; பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் தெரியும். பழக்கத்தில் இரண்டு கோட்டைப் பார்த்து ஒருவர் பதறலாம். ஒற்றைக் கோட்டைப் பார்த்து நிம்மதியாகக் குடித்துவிட்டால்தான் ஆபத்து. இதற்குத் தமிழில் வழிமுறை எழுதுகிறவர்கள் ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று போடாமல் இப்படி எழுதலாம்: கட்டுப்பாட்டுக் கோடு மட்டும், மயக்கி இருக்கிறது. இரண்டு கோடு, இந்தப் பட்டை தேடும் மயக்கி தென்படவில்லை.