மேற்கோள் அன்று, சுட்டுகை

“மருத்துவ ஆய்வில் 2,000 மேற்கோள்கள் பெற்ற பேராசிரியருக்குப் பாராட்டு விழா.” தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து விழா அழைப்பிதழ்களிலும் உள்ளூர்ச் செய்தித் துணுக்குகளிலும் இப்படி ஒரு வரி ஓயாமல் வருகிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? இவர் எழுதிய வாக்கியங்களை இரண்டாயிரம் இடங்களில் மேற்கோள் குறிக்குள் போட்டு எடுத்தெழுதியிருக்கிறார்கள் என்று நினைப்பார். அவருடைய ஒரு வாக்கியத்தைக்கூட எவரும் அப்படியே எடுத்தெழுதாமல் இருந்திருக்கலாம். ஒரு கட்டுரை இன்னொரு கட்டுரையைப் பார் என்று காட்டுவதை ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் ‘சைட்டேஷன்’ என்பார்கள். அந்தப் பொருளுக்கு ‘மேற்கோள்’ என்று எழுதுவதால் வரும் கேடு இது.

சைட்டேஷனின் வேர் இலத்தீனில் இருக்கிறது. அங்கே அதற்கு அழைத்தல், வரவழைத்தல் என்று பொருள். நீதிமன்றம் ஒருவரை வரச்சொல்லி அனுப்பும் ஓலைக்கு முதலில் இந்தப் பெயர். பிறகு வழக்கறிஞர் முன்தீர்ப்பை எடுத்துக்காட்டுவதற்கும் ஆயிற்று. நம்மூர் நீதிமன்றங்களிலும் ‘சைட்டேஷன் இருக்கா’ என்றுதான் கேட்கிறார்கள். 1873இல் அமெரிக்காவில் பிராங்க் ஷெப்பர்டு என்பவர் எந்தத் தீர்ப்பை எந்தத் தீர்ப்பு பின்னால் சுட்டியது என்று அடைவு போடத் தொடங்கினார். அதை முன்மாதிரியாக வைத்து, அறிவியல் கட்டுரைகளுக்கும் இப்படி ஓர் அடைவு வேண்டும் என்று 1955இல் யூஜின் கார்ஃபீல்டு எழுதினார். 1960களில் அவரே அதை வெளியிட்டார். சொல்லின் வரலாறு இவ்வளவுதான். சிக்கல் தமிழில் தொடங்குகிறது.

மேற்கொள் என்ற வினையின் முதனிலை நீண்டு மேற்கோள் ஆயிற்று. முதற்பொருள், ஒன்றைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளுதல். தருக்க நூலில் வாதி நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று மேற்கோள். அதற்கு ஏது (காரணம்), அதற்கு எடுத்துக்காட்டு என்று வரிசை. பிறர் சொல்லை எடுத்துக் காட்டுவது என்ற பொருளும் உரைமரபில் நிலைத்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையர், உரையாசிரியர்கள் பெயர் சொல்லாமல் எடுத்தெழுதிய வரிகள் எந்த நூலில் உள்ளவை என்று தேடிக் கண்டாரே, அந்த வரிகள் மேற்கோள்கள். அங்கே சொல்லே கிடக்கிறது: சீரும் தளையும் மாறாமல்.

உயிர்மருத்துவக் கட்டுரையில் நடப்பது வேறு. “இப்புழு மனிதருக்குக் கொசு வழியே பரவுகிறது” என்று ஆசிரியர் தம் சொல்லில் எழுதி, வாக்கிய முடிவில் 7 என்று ஓர் எண் போடுவார். கட்டுரைக் கடைசியில் ஏழாவதாக இருக்கும் கட்டுரையைப் பார் என்று பொருள். இந்த எண்முறைக்கு வான்கூவர் முறை என்று பெயர். 1978இல் மருத்துவ இதழாசிரியர்கள் அந்த ஊரில் கூடி வகுத்தது. ஏழாம் கட்டுரையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கை நீட்டி ‘அதோ அங்கே’ என்று காட்டியதோடு சரி.

நன்னூல் பாயிரத்தில் ஒரு வரி இந்த வேறுபாட்டைத் துல்லியமாக வைத்திருக்கிறது: “முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்.” மொழிபொருள் (சொன்ன கருத்து) ஒன்று, மொழி (சொன்ன சொல்) மற்றொன்று. மொழியை எடுத்தால் மேற்கோள். மொழிபொருளுக்கு இடம் காட்டினால் அது வேறு செயல், அதற்கு வேறு சொல் வேண்டும். அதே பாடலின் அடுத்த அடிகளில் வரும் ‘மேற்கோள்’கூட, முன்னோரின் வேறாக நூல் செய்வோம் என்ற துணிபைத்தான் குறிக்கிறது. சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் பொருளைத் தேடாத மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒரு சூத்திரத்தைப் படித்தால் போதும்.

எண்ணிக்கையும் கெடுகிறது. ஒரு கட்டுரை, முன்னுரையில் ஒருமுறை, முறைகள் பகுதியில் இருமுறை, விவாதத்தில் இருமுறை என்று அதே பழைய கட்டுரையை ஐந்து இடத்தில் காட்டினாலும், சைட்டேஷன்களை எண்ணும் தரவுத்தளம் ஒன்று என்றே எண்ணும். எண்ணப்படுவது சுட்டும் கட்டுரை, சுட்டிய இடம் அன்று. மேற்கோள் என்ற சொல் ஐந்து என்று எண்ணச் சொல்லும்.

புரதத்தின் அளவைக் காண லவுரியும் உடன் ஆய்வாளர்களும் 1951இல் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதைச் சுட்டியிருக்கின்றன. அவற்றில் எத்தனை பேர் லவுரியின் வாக்கியத்தை எடுத்தெழுதியிருப்பார்கள்? ‘புரதத்தை லவுரி முறையில் அளந்தோம்’ என்று ஒரு வரி, பக்கத்தில் ஓர் எண், அவ்வளவுதான்.

‘சான்று’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. தமிழ்த்துறை ஆய்வேடுகளில் ‘சான்றெண் விளக்கம்’ என்ற தலைப்பு ஊறிப்போனதால் வந்தது. சான்று என்றால் உண்மையென்று நிறுவுவது. சுட்டப்படும் கட்டுரை எல்லாம் அப்படியா? தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரை 1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. அதைச் சுட்டியவர்களில் பெரும்பாலோர் மறுப்பதற்காகச் சுட்டினார்கள். அதைச் ‘சான்று’ என்றால் பொய்க்குப் பட்டயம் கொடுத்தது போலாகும். நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் (நூலாசிரியர் கொள்ளும் நிலைப்பாட்டில்) உடன்படலும் உண்டு, மறுத்தலும் உண்டு, பிறர் நூல் குற்றம் காட்டலும் உண்டு. இத்தனைக்கும் இடம்தரும் சொல்லே வேண்டும். ‘எடுத்தாளல்’ இவற்றைவிட நல்ல சொல். ஆனாலும் மறுக்கிறவர் எடுக்கிறாரே தவிர ஆள்வதில்லை.

அதனால்தான் சுட்டுகை. சுட்டுதல் என்பது இன்னார், இன்னது என்று விரல் நீட்டுவது. “சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்” என்று அகத்திணைக்குத் தொல்காப்பியம் விதித்த தடையில் வரும் வினை இதுதான். பெயர் குறித்துக் காட்டுவது என்ற பொருள் அங்கேயே கிடைக்கிறது. அகப்பாட்டில் கூடாதது ஆய்வுக் கட்டுரையில் கட்டாயம். தன் கட்டுரையைத் தானே சுட்டினால் தற்சுட்டுகை. எத்தனை முறை என்றால் சுட்டுகை எண்ணிக்கை. கார்ஃபீல்டு தொகுத்தது சுட்டுகை அடைவு. ஒரு சொல்லிலிருந்து எல்லாம் கிளைக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, தள்ளிவிடக் கூடாதது. பேச்சில் ‘சுட்டுட்டான்’ என்றால் திருடிவிட்டான். சுட்டுகை என்றதும் கருத்துத் திருட்டு நினைவுக்கு வருமே என்கிறார்கள். திருடிய ‘சுட்டான்’ சுடு என்ற வினையின் இறந்தகாலம். சுடுகிறான், சுட்டான், சுடுகை. நம் சொல் சுட்டு என்ற வினை. சுட்டுகிறான், சுட்டினான், சுட்டுகை. தொழிற்பெயரில் இரண்டும் ஒட்டுவதே இல்லை. சுட்டெழுத்து படித்த பிள்ளைக்கு இது குழம்பாது.

ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை சுட்டப்படுகின்றன என்று காட்டும் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற எண்ணுக்கு எழுதும் ‘தாக்கக் காரணி’ இதைவிட மோசம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய பிறகு வேதாரண்யத்தில் தாக்கம் என்றால் தென்னை சாய்ந்ததுதான். காரணி என்றால் கணக்குப் புத்தகத்தில் 12க்கு 3. மற்ற இடத்தில் காரணமாவது. இங்கே இருப்பது இரண்டும் அன்று, வெறும் வகுத்தல். எடுத்துக்காட்டாக, ஓர் இதழ் 2022இல் 60, 2023இல் 40 கட்டுரைகள் வெளியிட்டது. 2024இல் அந்த நூறும் 250 முறை சுட்டப்பட்டன. 250ஐ 100ஆல் வகுத்தால் 2.5. இதை இதழ்ச் சுட்டுவீதம் என்று எழுதினால் சொல்லே கணக்கைச் சொல்லிவிடும். வகுக்கும் எண்ணில் ஆய்வுக் கட்டுரையும் மீள்பார்வைக் கட்டுரையும் மட்டும் சேரும். தலையங்கத்துக்கும் கடிதத்துக்கும் வந்த சுட்டுகைகளோ மேலே சேர்ந்துவிடும். நூறில் பத்துக் கட்டுரை பெரும்பங்கை வாங்கியிருக்கலாம், இருபது ஒன்றுகூட வாங்காமல் கிடக்கலாம். அந்த இதழில் எழுதிய ஒருவருக்கு 2.5ஐப் பட்டமாகச் சூட்டுவது பிழை. இதழின் எண்ணை ஆளின் மதிப்பாக்காதீர்கள் என்று 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி மறு ஆண்டு வெளியான அறிக்கை கேட்டுக்கொண்டது.

இரண்டாண்டுச் சாளரமும் எல்லாத் துறைக்கும் பொருந்தாது. குறுவையும் சம்பாவும் ஒரே நாளில் விதைத்தாலும் ஒரே நாளில் அறுக்க முடியுமா? வேகமாக ஓடும் துறையின் கட்டுரை இரண்டாண்டுக்குள் கதிர் தள்ளிவிடும். கும்பகோணம் ஒருகாலத்தில் பெயர் கெட்ட யானைக்கால் நோய் போன்ற சிறு துறையில் எழுதுகிறவர்களே குறைவு, சுட்டுகையும் மெல்லத்தான் வரும்.

ஆளுக்கு உரிய எண் ஒன்று உண்டு: 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் வகுத்த எச் எண். எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை சுட்டுகை பெற்றனவோ, அதுவே எச் எண். கட்டுரைகளைச் சுட்டுகை இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 41, 23, 15, 9, 6, 5, 2. ஐந்தாவது கட்டுரைக்கு 6, அது ஐந்துக்குக் குறையவில்லை. ஆறாவதற்கு 5, ஆறுக்குக் குறைந்துவிட்டது. எச் எண் 5. இதை ‘எச் குறியீடு’ என்று எழுதுவானேன்? குறியீடு என்பது அடையாளம். எச் எண் என்றால் போதும்.

எந்த எண்ணானாலும் எங்கே எடுத்தது என்று எழுத வேண்டும். கூகுள் ஸ்காலர் என்ற தேடுதளம், ஆய்வேடு, இதழில் வருமுன் இணையத்தில் இடும் முன்பதிப்பு எல்லாவற்றையும் எண்ணும், அதனால் கூடுதலாகக் காட்டும். ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தரவுத்தளங்கள் தாம் தேர்ந்த இதழ்களை வைத்தே எண்ணுவதால் குறைவாகக் காட்டும். தமிழ்ப் பெயரால் இன்னொரு குழப்பம். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு ‘இரா.’ என்ற முன்னெழுத்து ஓர் இதழில் ‘இராமசாமி’ என விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்காரும், மற்றோர் இதழில் முன்னெழுத்தாகவே நிற்கும். ஒருவர் இருவராகிவிடுவார், எச் எண் பிளந்துபோகும். அதே முன்னெழுத்துள்ள வேறொருவருடைய கட்டுரைகள் வந்து சேர்ந்தால் ஊதிப்போகும். முதல் கட்டுரை அனுப்பும்போதே பெயரை ஒரே வடிவில் உறுதிசெய்து, ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண் வாங்கிவிடுவது நல்லது.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் அந்த வரியை இப்படி மாற்றலாம் (எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்): “2024 டிசம்பர் முடிய, ஸ்கோப்பஸ் கணக்கில், 38 கட்டுரைகள், தற்சுட்டுகை நீங்கலாக 540 சுட்டுகைகள், எச் எண் 13.” முதல் ஆசிரியராகவோ, ஆய்வுக்கூடத் தலைவர் வழக்கமாக நிற்கும் கடைசி இடத்திலோ எத்தனை கட்டுரை என்றும் சேர்க்கலாம். இதழ்களின் சுட்டுவீதத்தை எழுத வேண்டாம். அது அவருடையது அன்று.