நெருக்கத்துக்கு அஞ்சும் மனம்: ‘ஷேம்’ திரைப்படமும் காமப் பழக்கத்துக்கு அடிமையாதலும்

2011ஆம் ஆண்டு ஸ்டீவ் மெக்குவீன் இயக்கத்தில் வெளிவந்த ‘ஷேம்’ திரைப்படத்தின் நாயகன் பிராண்டன், நியூயார்க்கில் நல்ல வேலையும் நேர்த்தியான வீடும் வாய்த்தவன். அவனுடைய அலுவலகக் கணினியில் ஆபாசப் படங்கள் நிறைந்திருக்கின்றன. வேலை நேரத்திலும் கழிவறைக்குள் சென்று சுய இன்பம் காண்கிறான். முன்பின் அறியாதவர்களோடும் பணம் கொடுத்து வரவழைத்தவர்களோடும் உறவு கொள்கிறான். இத்தனைக்கும் நடுவே, அவனாக நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டரின் முகத்தில் மகிழ்ச்சியின் சாயலே அநேகமாகத் தென்படுவதில்லை. மனநல மருத்துவராகிய என்னை முதலில் உலுக்கியது அதுதான்.

படத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது மேரியான் வரும் பகுதி. உடன் பணிபுரியும் அவளிடம், தன் காதல் உறவுகளில் நீண்டதே நான்கு மாதம்தான் என்கிறான். பிறகு, தன்னிடமிருந்த ஆபாசப் பொருள்களையெல்லாம் மடிக்கணினி உட்படக் குப்பையில் எறிந்துவிட்டு, அவளை ஒரு விடுதி அறைக்கு அழைத்துச் செல்கிறான். அவள் அன்போடு நெருங்கும்போது அவனால் இயலாமல் போகிறது. அவள் போன பின், அதே விடுதியில், வேறொரு பெண்ணோடு எந்தத் தடையும் இன்றி உறவு கொள்கிறான். குறை உடலில் இல்லை. தன்னை அறிய விரும்பும் ஒருவர் எதிரே இருக்கும்போது எழும் அச்சமே அவனை முடக்குகிறது. அடக்க முடியாத காமம் என்று பலர் எண்ணும் இந்த நிலையின் அடியில் இத்தகைய வெறுமை இருப்பதை ஆலோசனை அறையிலும் காண்கிறேன். வருபவர்கள் எத்தனை முறை என்று கணக்குச் சொல்லத் தொடங்குவார்கள்; நானோ அதற்குச் சற்று முன் மனம் எப்படி இருந்தது என்று கேட்பேன். தனிமை, அவமானம், சொல்லப்படாத கோபம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு, பாலியல் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத இந்த நிலையைக் கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு என்ற பெயரில், உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. திரும்பத் திரும்ப முயன்றும் நிறுத்த முடியாமை, உடல்நலமும் கடமைகளும் சீர்குலைதல், இன்பம் குறைந்த பின்னும் தொடர்தல் போன்றவை நீண்ட காலம், ஏறத்தாழ 6 மாதங்களோ அதற்கு மேலோ, நீடித்து வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். ஒருவர் தம் ஆசைகளைப் பாவம் என்று நினைத்து வருந்துவது மட்டுமே இந்த நோயாகிவிடாது. சுய இன்பம் குறித்த குற்றவுணர்வால் அலைக்கழியும் இளைஞர்களுக்கு இதை நான் அழுத்தமாகவே சொல்வதுண்டு.

பிராண்டனும் அவன் தங்கை சிஸ்ஸியும் எத்தகைய இளமைக்காலத்தைக் கடந்து வந்தார்கள் என்பதைப் படம் விவரிக்கவில்லை. ஒரே காரணத்தைக் காட்டி முடித்துவிடாத அந்த நிதானம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அவன் யாரிடமும் உதவி நாடுவதாகவும் படம் காட்டவில்லை என்பதால், இதற்குச் சிகிச்சையே இல்லை என்று பார்ப்பவர் எண்ணிவிடலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியே மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பலருக்குப் பயன் தருகிறது. தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான சில மருந்துகளும், மதுப்பழக்கத்துக்கும் பயன்படும் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தும் தரப்படுகின்றன. மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறும் இருமுனைக் கோளாற்றில், மனம் அளவுமீறிக் கிளர்ந்தெழும் பித்தெழுச்சிக் கட்டத்திலும், பார்க்கின்சன் நோய்க்கான சில மருந்துகளாலும் இதே போன்ற நடத்தை திடீரென்று தோன்றக்கூடும் என்பதால், அவற்றையும் முதலிலேயே விசாரித்துவிடுவோம். யாரோடு, எங்கே என்ற விவரங்களை முதல் நாளே சொல்லியாக வேண்டும் என்பதில்லை. நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்ற ஒரு வாக்கியம் போதும், அங்கிருந்தே நாங்கள் தொடங்குவோம்.