போர்பாய்சிங்: சொல் விளக்கம் (தமிழ்ல ஓங்கிலாட்டம்)

எஃப்1, அதாவது ஃபார்முலா 1 கார் ரேஸ், பாக்குறவங்க காதுல 2022லேர்ந்து விழுந்துகிட்டே இருக்குற வார்த்தை போர்பாய்சிங். நேர் ரோட்டுல 300 கி.மீ. வேகத்துல கார் போகும், ரோடு சமமாதான் இருக்கும், ஆனாலும் கார் மேல கீழ மேல கீழன்னு விடாம ஆடும், டிரைவரோட ஹெல்மெட் படபடன்னு அடிச்சுக்கும், அதுக்குப் பேருதான் இது. நிறைய பேர் இத பவுன்சிங்னோ "கார் குதிக்குது"ன்னோ சொல்லிட்டுப் போயிடறாங்க. ரெண்டும் ஒண்ணு கிடையாது. ரோட்டு மேடு பள்ளத்துல கார் துள்ளுனா அது பவுன்சிங், போர்பாய்சிங்குக்குக் காரணம் காருக்கு அடியில ஓடுற காத்து. இந்த வித்தியாசம் புரியலன்னா எஃப்1க்கு விதி போடுற எஃப்ஐஏ அமைப்பு ஏன் ஃப்ளோர், அதாவது காரோட அடிப்பாகம், பத்தின விதிய மாத்திகிட்டே இருக்காங்கன்னும் புரியாது.

மொதல்ல சொல் வந்த வழி. போர்பாய்ஸ்ங்கறது டால்ஃபினுக்குச் சொந்தக்கார ஒரு சின்ன கடல் பாலூட்டி. லத்தீன்ல போர்கஸ்னா பன்றி, பிஸ்கிஸ்னா மீன், இது ரெண்டும் ஒட்டி பழைய பிரெஞ்சுல சுருங்கி அங்கேர்ந்து இங்கிலீஷுக்கு வந்துச்சு. நம்மகிட்டயும் அதுக்கு கடற்பன்றின்னுதான் பேரு. அது மூச்சு விட மேல வரும், முதுகு வளைஞ்சு திரும்ப உள்ள போகும், மறுபடி வரும். கடல்ல இறங்குற விமானம் தண்ணி மேல ஓடும்போது மூக்கத் தூக்கித் தூக்கி இறக்குறதுக்கு விமானக்காரங்க இந்தப் பேர வச்சாங்க, ரேஸ் கார்க்காரங்க அப்புறமா அதையே எடுத்துகிட்டாங்க.

இப்ப கார் ஏன் ஆடுதுன்னு பாப்போம். ஃப்ளோருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற இடுக்குல காத்து வேகமா ஓடும், வேகம் கூடுனா அழுத்தம் குறையும், அதனால கார் கீழ இழுபடும். இதுதான் கிரவுண்ட் எஃபெக்ட். கீழ இழுபட இழுபட இடுக்கு இன்னும் சின்னதாகும், இழுவை இன்னும் கூடும், ஆனா ஒரு அளவுக்கு மேல இடுக்கு ரொம்பச் சின்னதாச்சுன்னா காத்து ஒழுங்கா ஓட முடியாம தடைபட்டுடும், டவுன்ஃபோர்ஸ், அதாவது கார கீழ அழுத்துற விசை, சட்டுனு போயிடும், கார் மேல எழும்பும், எழும்புனதும் காத்து திரும்ப ஓடும், திரும்ப இழுக்கும். ஒரு விநாடிக்குள்ள பல தடவ இது நடக்கும்.

இது 2022ல புதுசா வந்த நோய் இல்ல. லோட்டஸ் டீமோட காலின் சாப்மன் 1970கள் கடைசில காருக்குப் பக்கவாட்டுல சுரங்கம் மாதிரி வடிவம் வச்சு ஓரத்த ஸ்கர்ட்னால, அதாவது தரைய ஒட்டி வர்ற தடுப்பால, அடைச்சாரு, லோட்டஸ் 79ங்கற கார்ல மாரியோ ஆண்ட்ரெட்டி 1978 சாம்பியன் ஆனாரு. இன்னும் டவுன்ஃபோர்ஸ் வேணும்னு அடுத்த வருஷம் கொண்டு வந்த லோட்டஸ் 80 கார் இதே ஆட்டத்தால பாழாப்போச்சு, சில ரேஸ்லயே ஓரங்கட்டிட்டாங்க. வளைவுல வேகம் எல்லை மீறிப் போச்சு, ஸ்கர்ட் பழுதானா டவுன்ஃபோர்ஸ் மொத்தமா போயி கார் பறந்துடும்ங்கற பயம் வேற, அதனால 1981ல நகரும் ஸ்கர்ட்டத் தடை பண்ணாங்க, 1983ல சக்கரங்களுக்கு நடுவுல அடிப்பாகம் தட்டையா இருக்கணும்னு விதியே போட்டுட்டாங்க. 1994ல இத்தாலியோட இமோலா டிராக்குல டிரைவர்கள் ராட்சன்பெர்கரும் சென்னாவும் இறந்த பிறகு, காருக்கு அடியில 10 மி.மீ. பிளாங்க், அதாவது பலகை, கட்டாயமாச்சு. கார ரொம்ப கீழ இறக்குனா பலகை தேயும், 9 மி.மீ.க்குக் கீழ தேஞ்சா தகுதி நீக்கம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி இது, எவ்ளோ எளிமையா டீம்களக் கட்டிப் போடுது பாருங்க!

கிட்டத்தட்ட 40 வருஷம் கழிச்சு 2022ல ஃப்ளோர் சுரங்கம் திரும்ப வந்துச்சு. முன்னாடி போற காரோட கலங்குன காத்துல பின்னாடி வர்ற கார் டவுன்ஃபோர்ஸ இழக்கக் கூடாது, ஓவர்டேக் நடக்கணும்ங்கறதுதான் நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனா விண்ட் டனல்ல, அதாவது காத்த ஊதிச் சோதிக்குற கூடத்துல, 60 சதவீத அளவு மாடல, விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல போகாத காத்துலதான் சோதிக்கலாம், அதுல இந்த ஆட்டம் சரியா தெரியல, பார்சிலோனா டெஸ்ட்ல கார் ஓடுனப்பதான் பல டீம் அதிர்ச்சியானாங்க. மெர்சிடஸ் டீமோட டபிள்யூ13 கார்தான் ரொம்பப் பாடுபட்டுச்சு. அஜர்பைஜானோட பாகுவுல ரேஸ் முடிஞ்சு அந்த டீம் டிரைவர் ஹாமில்டன் முதுகப் பிடிச்சுகிட்டு கார விட்டு இறங்க சிரமப்பட்டத யாரும் மறக்க முடியாது, ஒரு மனுஷனோட முதுகெலும்பு விஷயம் அது. "கார உயர்த்தி ஓட்டுனா சரியாயிடும், வேகம் போனா அது டீமோட பிரச்சினை"ன்னு சிலர் சொன்னாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. போட்டின்னு வந்தா எந்த டீமும் தானா கார உயர்த்தாது, விதிதான் உயர்த்தணும். எஃப்ஐஏ அதத்தான் செஞ்சாங்க: அந்த வருஷ பெல்ஜியம் ரேஸ்லேர்ந்து செங்குத்து ஆட்டத்துக்கு ஒரு அளவும் வரம்பும் வந்துச்சு, 2023க்கு ஃப்ளோர் ஓரத்த 15 மி.மீ. உயர்த்தச் சொன்னாங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? துள்ளல், குதிப்பு ரெண்டும் தரையிலேர்ந்து எம்புறதக் காட்டுது, அதனால பவுன்சிங்குக்கு வச்சுக்கலாம். கடற்பன்றியாட்டம்னு நேரா மாத்துனா பன்றிதான் கண்ணு முன்னாடி வரும், அசைவு வராது. என் கணக்குல ஓங்கிலாட்டம்தான் சரி. ஓங்கில்னா டால்ஃபின், அதுவும் இதே மாதிரிதான் எழுந்து அமிழ்ந்து போகும், உயிரியல்காரங்க டால்ஃபினும் பெங்குவினும் நீந்துறதக்கூட போர்பாய்சிங்னுதான் சொல்றாங்க, அதனால பொருள் பிசகாது. ஓங்குதல்னா உயர்றதுங்கறதும் காதுல விழுது, ஊசலாட்டம் மாதிரி ஆட்டம்னு முடியறதால திரும்பத் திரும்ப நடக்குறதும் வந்துடுது. வினையாவும் வரும்: "கார் ஓங்கிலாடுது".

வாக்கியத்துல போட்டா: 2025 லாஸ் வேகாஸ் ரேஸ்ல எதிர்பார்க்காத ஓங்கிலாட்டத்தால மெக்லாரன் டீம் கார்களோட பலகை அளவுக்கு மேல தேஞ்சு, ரெண்டாவதா வந்த நாரிஸும் நாலாவதா வந்த பியாஸ்ட்ரியும் தகுதி நீக்கம் ஆனாங்க.