படம் ஸ்கேன் ஆகிவிட்டது, சரி, ஒலி?

பழைய ஃபிலிம் ரீல்களை ஸ்கேன் செய்யக் கொண்டு வருபவர்கள் கீறலைப் பற்றிக் கேட்பார்கள், நிறம் மங்கியதைப் பற்றிக் கேட்பார்கள். ஒலியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. படத்துக்கும் ஓரத் துளைகளுக்கும் நடுவே நெளிந்து ஓடும் வெள்ளைக் கோடுதான் ஒலித்தடம். சில ரீல்களில் அது கோடாக இல்லாமல், கறுப்பும் சாம்பலுமாக நெருக்கமான குறுக்குப் பட்டைகளாக இருக்கும். மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று அதை ஊடுருவும்போது வெளிச்சம் கூடிக் குறைகிறது. மறுபக்கத்து ஒளிமின்கலம் அதை மின்னலையாக்குகிறது. அவ்வளவுதான்.

ஆகவே ஸ்கேனுக்குக் கொடுக்கும்போதே ஓரமும் பதிவாகுமா, இல்லை ஒலியைத் தனியாக எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

35 மி.மீ. பிரிண்டில் ஒரு காட்சியின் ஒலி அதன் பக்கத்தில் இருக்காது; 21 ஃபிரேம் முன்னால் இருக்கும். 16 மி.மீ.யில் 26. புரொஜெக்டரில் படம் நின்று நின்று நகர வேண்டும், ஒலியோ சீராக ஓட வேண்டும். அதனால்தான் இந்த இடைவெளி. கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டினால், படம் தாவி ஏறத்தாழ ஒரு நொடி கழித்துத்தான் வசனம் அறுபடும்.

தனி சவுண்ட் நெகட்டிவ், அதாவது பிரிண்ட் போடுவதற்காக ஒலியை மட்டும் பதிந்து வைத்த ஃபிலிம், கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் அதை அப்படியே படித்து ‘இதுதான் மூலம்’ என்று முடித்துவிடக் கூடாது. ஒளி பட்ட இடம் ஃபிலிமுக்குள் கொஞ்சம் கசிந்து பரவும். கோட்டின் விளிம்பு தடிக்கும். பிரிண்ட் போடும்போது எதிர்த்திசையில் இன்னொரு கசிவு வந்து இதைச் சரிக்கட்டும்படி லேபில் நெகட்டிவின் அடர்த்தியைக் கணக்கிட்டு வைப்பார்கள். நெகட்டிவை மட்டும் படித்தால் அந்தச் சரிக்கட்டல் நடக்காது. ‘ஸ’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் எச்சில் தெறிப்பது போல் சீறும். தேயாத பிரிண்ட் ஒன்று இருந்தால் இரண்டிலும் ஒரே வசனத்தை எடுத்துக் கேட்டுப் பார்ப்பதே என் வழக்கம்.

பிற்கால வண்ண பிரிண்டுகள் சிலவற்றில் ஒலித்தடம் வெள்ளி இல்லாமல் நீலப்பச்சைச் சாயமாக மட்டும் இருக்கும். அதற்குச் சிவப்பு ஒளி வேண்டும். பழைய மஞ்சள் விளக்கில் ஒலி அமுங்கிப் போகும்.

அப்புறம், இரைச்சலை நீக்கித் தருகிறோம் என்பவர்களிடம் நீக்காத ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். இரைச்சலோடு குரலின் மூச்சையும் சேர்த்துத் துடைத்த வேலைகளை நிறையப் பார்த்தாயிற்று.

வீட்டிலோ கிடங்கிலோ பெட்டிகளைப் பிரிக்கும்போது, படமே இல்லாமல் ஓரத்தில் கோடு மட்டும் ஓடும் ரீல் கைக்கு வந்தால் வெற்று ஃபிலிம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது சவுண்ட் நெகட்டிவாக இருக்கலாம். வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்; மற்ற ரீல்களிலிருந்து பிரித்து வைத்து, சீக்கிரம் ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.